பிளஸ் ஒன் பொதுத்தேர்வு: எட்டு வருடக் கணக்கு

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது பலரும் உடனே கவனித்தது ஒரு விஷயத்தை: பதினொன்றாம் வகுப்புக்கு இனி பொதுத்தேர்வு கிடையாது, 2025-26லிருந்தே. 2017-18இல் ஆரம்பித்தது, 2024-25டோடு முடிந்தது. சரியாக எட்டு கல்வியாண்டு. ஏன் கொண்டு வந்தாங்க, ஏன் எடுத்தாங்க என்று எல்லோரும் பேசுகிறோம். நடுவில் அதை நடத்திக் காட்ட வேண்டியிருந்த ஆசிரியருக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

முதலில் காரணம். கோத்தாரி கமிஷன் சொன்ன 10+2+3 முறைப்படி தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன்னால் பதினொரு வருட எஸ்.எஸ்.எல்.சி., பிறகு காலேஜில் ஒரு வருட பி.யூ.சி. புது ஏற்பாட்டில் படிப்பு இரண்டு வருடம், ஆனால் எண்ணப்படும் மார்க் கடைசி வருடத்துடையது மட்டும். 1200க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அப்புறம் என்ன நடக்கும்? பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குத் திறந்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் ஓட்டின. தப்பிப் போனது சாதாரண விஷயம் இல்லை. வெக்டர், நியூட்டன் விதிகள், மோல் கணக்கு, வகைநுண்கணிதத்தின் அடிப்படை எல்லாம் பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கின்றன. இன்ஜினியரிங் முதல் வருடக் கணக்குப் பேப்பரில் அரியர் விழும்போது அந்த ஓட்டை தெரியும். 2017இல் நீட் கட்டாயமானபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதில் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

2017 மே மாதம் அரசாணை வந்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. வருடத்துக்கு 600 மார்க், பாடத்துக்கு 200க்குப் பதில் 100, மூன்று மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம். முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கிற வழக்கமும் அந்த மே மாதமே போனது. (அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.) பள்ளி திறக்கப்போகிற நேரத்தில் அறிவிப்பு, மார்ச்சில் தேர்வு. புத்தகம் பத்து வருடத்துக்கும் மேல் பழசு. அடுத்த வருடம், 2018 ஜூனில், பதினொன்றுக்குப் புதுப் புத்தகம். அதற்கடுத்து 2019இல் பன்னிரண்டுக்கும் புதுப் புத்தகம். மூன்று வருடத்தில் மூன்று மாற்றம்.

இப்போது திண்டுக்கல் சமவெளியில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியை மனசில் வச்சுக்குங்க. வடமதுரை, சாணார்பட்டி, நிலக்கோட்டை, எந்தப் பக்கமானாலும் சரி. இந்த மாதிரிப் பள்ளியில் பெரும்பாலும் இயற்பியலுக்கு ஒரு முதுகலை ஆசிரியர், வேதியியலுக்கு ஒருத்தர். பதினொன்றும் அவர்தான், பன்னிரண்டும் அவர்தான். 2017க்கு முன்னால் அவருக்கு வருடத்துக்கு ஒரு பொதுத்தேர்வு. பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வுத்தாளை அவரே தன் மேஜையில் வைத்துத் திருத்திவிடுவார். புது ஏற்பாட்டில் செய்முறைத் தேர்வு இரண்டு வகுப்புக்கு, அறைக் கண்காணிப்பு இரண்டு தேர்வுக்கு, விடைத்தாள் திருத்தும் முகாமும் இரண்டு மடங்கு. வகுப்பு நடத்துகிற நாட்களில் அதெல்லாம் கழியும். ஆனால் பாடமோ கூடிவிட்டது. புதுப் புத்தகம் பழையதைவிட நல்லா கனம்.

ப்ளூ பிரிண்டையும் எடுத்துவிட்டார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அட்டவணை அது. புத்தகத்துக்குள்ளே எங்கிருந்து வேண்டுமானாலும் கேள்வி வரலாம் என்றால் முழுப் பாடமும் படித்தாக வேண்டும், மனப்பாடம் குறையும் என்பது நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று துறை சொல்கிற பிள்ளையைக் கரையேற்ற ஆசிரியர் கையில் இருந்த ஒரே கருவி அந்த அட்டவணை. இந்த நாலு பாடம், இந்தப் படம், இந்தக் கணக்கு, முப்பத்தஞ்சு வந்துடும் என்று சொல்லித் தேற்றுவார்கள். கருவியைப் பிடுங்கியாச்சு, பதிலுக்கு வேறு கருவி கொடுத்தார்களா?

பயிற்சி கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கருத்தாளர்களைத் தயார் செய்யும். அவர்கள் மாவட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆவியாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்கணும். நம் மாவட்டத்துக்கு ஒட்டன்சத்திரத்தில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் இந்த நிறுவனங்கள் உருவானதே தொடக்கக் கல்விக்காக. முதுகலை ஆசிரியர் ஒருத்தர் சந்தேகம் வந்தால் போய் உட்காருவதற்கு மாவட்டத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது.

கணினி ஆசிரியரை எடுத்துக்குவோம். பன்னிரண்டாம் வகுப்புப் பழைய புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ். 2019 புத்தகத்தில் பைத்தான். அதே வருடம் கற்று, அதே வருடம் நடத்தி, அதே வருடம் மாணவரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பணும். புத்தகத்தில் கியூஆர் கோடு இருந்தது, ஸ்கேன் பண்ணினால் வீடியோ வரும். ஆனால் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது, ஆகவே ஆசிரியரின் போன், ஆசிரியரின் டேட்டா. நிஜமாகக் கைகொடுத்தது ஆசிரியர்களே நடத்திய வாட்ஸ்அப் குழுக்களும், பாடசாலை, கல்விச்சோலை போன்ற தளங்களில் அவர்கள் தயாரித்துப் பகிர்ந்த நோட்ஸும்தான். யாருடைய ஆணையும் இல்லாமல் நடந்த வேலை அது.

இதற்கிடையில் சான்றிதழின் மதிப்பே கழன்றுவிட்டது. முதல் தேர்வு முடிந்து ஆறு மாதம், 2018 செப்டம்பரில், உயர்கல்விக்குப் பிளஸ் டூ 600 மார்க் மட்டும் போதும் என்று அறிவித்தார்கள். மாணவர் மேல் அழுத்தம் என்பது காரணம். பிளஸ் ஒன்னில் பெயிலானாலும் பன்னிரண்டுக்குப் போகலாம், அரியர் எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்கெனவே இருந்த விதி. ஆக, தேர்வு உண்டு, பயம் உண்டு, வேலை உண்டு, மார்க்குக்கு மட்டும் விலை இல்லை. அன்றைக்கே எடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஏழு வருடம் இழுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, மதிப்பெண் கணக்கில் அந்த விலையில்லாத பிளஸ் ஒன் மார்க்குக்கு 20 சதவீதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30.

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. ஸ்காட்லாந்தில் 2013-14இல் பழைய தேர்வுகளை மாற்றி நேஷனல் 4, நேஷனல் 5 என்று புதுத் தகுதிகள் கொண்டு வந்தார்கள். இறுதித் தேர்வோடு வருடத்துக்குள் அலகு அலகாக மதிப்பீடும் இருந்தது. வேலை தாங்காமல் ஆசிரியர் சங்கம் போராட்டத்தில் இறங்கியது. 2016இல் நேஷனல் 5இலும் அதற்கு மேற்பட்ட படிப்புகளிலும் அலகு மதிப்பீட்டை எடுப்பதாக அரசு சொன்னது. அங்கேயும் தேர்வு முதலில் வந்தது, ஆசிரியரின் நாள் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு பிறகுதான் வந்தது.

நியாயமாகச் சொல்லணும்னா, அந்த எட்டு வருடத்தில் பிளஸ் ஒன் புத்தகம் திறக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் எப்போதும் ஓரளவு நடந்த பாடம், தேர்வு இருந்ததால் தனியார் பள்ளியிலும் நடந்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் போய்விட்டது. நீட்டில் பதினொன்றாம் வகுப்புக் கேள்வி அப்படியே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கணும்னாலும் அந்தத் தேர்வில் தகுதி பெறணும். வேடசந்தூர் பக்கத்து மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கோச்சிங் சென்டர் என்பது திண்டுக்கல் வரை பஸ் செலவும் சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு மோல் கணக்கு கிடைக்கிற ஒரே இடம் பதினொன்றாம் வகுப்பு அறை.

2025-26இல் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் 2027 மார்ச்சில் பிளஸ் டூ எழுதுவார்கள். அதுவரை அந்த அறையில் பாடம் நடந்ததா என்று வெளியிலிருந்து பார்க்க எந்த மார்க் பட்டியலும் இருக்காது. முதுகலை ஆசிரியருக்கு மிச்சமாகும் செய்முறைத் தேர்வு நாட்களையும் திருத்தும் முகாம் நாட்களையும் துறை எதற்குக் கொடுக்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாடத்துக்கா, இல்லை வேறு ஏதாவது ஆன்லைன் பதிவு வேலைக்கா?