ஆறு பேர் காத்த ஏரி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் பாலாற்றைத் தாண்ட வேண்டும். ஆண்டில் பல மாதம் அங்கே மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற சில வாரங்களில் தேக்கி வைத்தால்தான் நெல். அதற்காகத்தான் இந்தச் சீமையில் பல்லவர் காலந்தொட்டு ஏரிகளை வெட்டினார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூர்ப் பயிரும் போச்சு. ஏரியைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் வேண்டும்; அவனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் அதற்கு விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். முதல் விதியில் ஓட்டை தெரிந்ததால் இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள்.

ஊர் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். முதிய நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலையை ஒளிக்க வழியே இல்லை! இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கல்லைக் கும்பிடலாம்.

குடும்புக்கு ஒருவராக இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவனுடைய அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன் பெயரையும்தான்.

ஆனால் இந்த ஊரை நடத்தியது பிராமணர் சபை. கால் வேலிக்கு (வேலி அக்கால நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் கேட்டது. வயலில் இறங்கி உழைத்தவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவது சரியல்ல.

இன்று ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஏரிதான் ஊர் கையை விட்டுப் போய்விட்டது: 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். மதகுப் பலகை உளுத்தாலும் மனு எழுத வேண்டும். இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. ஆனாலும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடுகிறது. அன்று நிலமே இல்லாத ஒருத்தி எழுந்து ஏரிக் கணக்கைக் கேட்கலாம்.