குல்மார்க் போகும் சென்னைவாசிகளே... கால் எலும்பைக் காப்பாற்றும் ‘பைண்டிங்’ எது? பனிச்சறுக்குக்குக் கிளம்பும் முன் தெரிய வேண்டியவை

மார்கழி, தை மாதமானாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஸ்வெட்டருக்குப் பெரிய வேலை இருக்காது. ஆனால், அதே நாட்களில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கும். சுற்றுலாவாக ஒருமுறை போய், வாடகைப் பலகையில் சறுக்கிப் பார்த்து, பிறகு அதையே சீரியஸாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் சொந்தமாகக் கருவி வாங்கும் கட்டத்துக்கு வந்ததும் முதலில் குழம்புவது ஒரே இடத்தில்தான். அது ‘பைண்டிங்’.

பலகையின் நீளம், அகலம், டிசைன் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால், வேகமாக இறங்கும்போது கால் முறியுமா, முறியாதா என்பதில் பலகையை விட பைண்டிங்குக்கே பங்கு அதிகம். எதைத் தேர்வு செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

பைண்டிங் என்றால் என்ன?

பனிச்சறுக்கு பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் கருவிதான் பைண்டிங். முன்பக்கம் ஒரு பிடி, குதிகாலில் ஒரு பிடி. இதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள் உண்டு. ஓடும்போது பூட்ஸை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விழும்போது, கால் முறுக்கிக்கொள்வதற்குள் கழன்று விட்டுவிட வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஃப்யூஸ் மாதிரிதான் இது. லோடு அளவோடு இருக்கும் வரை கரன்ட் போகும். தாண்டினால் ஃப்யூஸ் போய்விடும். ‘அடிக்கடி போகுதே’ என்று தடிமனான கம்பியைக் கட்டினால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போகாது, வயரிங் எரியும். பைண்டிங்கை அளவுக்கு மீறி இறுக்கினாலும் அதே கதைதான். அது கழலாது, பதிலாகக் கால் எலும்பு போகும்.

குல்மார்க்கில் ஏன் இந்தக் குழப்பம்?

குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ரோப் கார் இரண்டு கட்டங்களாக மேலே போகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை. இது 1998-ல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிய உயரம் வரை. இது 2005-ல் வந்தது.

ஐரோப்பிய ரிசார்ட்டுகள் போல இங்கே மெஷின் வைத்துச் சமன் செய்த பாதைகள் அதிகம் இல்லை. அபர்வத்தில் இறங்கியதும் எதிரே இருப்பது பெரும்பாலும் இயற்கையான பனிச்சரிவு. ரோப் காருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் பாதுகாப்புக் குழுவினர் கண்காணிப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டி, மலை முகட்டில் கொஞ்ச தூரம் நடந்து போய் அந்தப் பக்கம் இறங்கினால், அதுதான் ‘சைடுகன்ட்ரி’. அதாவது, ஏறுவது ரோப் காரில். இறங்குவது யாரும் பராமரிக்காத மலையில். சில பாதைகள் மரங்களுக்கு நடுவே பாபா ரேஷி, துருங், தங்மார்க் வரை கூட இறங்கும். அங்கிருந்து டாக்ஸி பிடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

ஆக, அங்கே ஒரு நாளில் வேகமாக இறங்கவும் வேண்டும். இடையில் கொஞ்சம் ஏறி நடக்கவும் வேண்டும். சாதாரண பைண்டிங் குதிகாலைப் பூட்டிவிடும் என்பதால் அதில் நடந்து ஏற முடியாது. நடக்க வசதியான பைண்டிங்கோ முரட்டு வேகத்துக்கு ஒத்துவராது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

எத்தனை வகை இருக்கிறது?

கடையில் நூறு மாடல் இருந்தாலும், வகை என்று பார்த்தால் நான்குதான்.

1. ஆல்பைன் பைண்டிங்: வாடகைக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது. முன்பக்கமும் குதிகாலும் ஸ்பிரிங் பிடியில் இருக்கும். ஒன்றின் எடை சுமார் 1 கிலோ அல்லது அதற்கு மேல். இதன் பலம், ஸ்பிரிங்கில் இருக்கும் ‘விட்டுக்கொடுக்கும்’ தன்மை. பலகை மேடு பள்ளத்தில் அடிபடும்போது பூட்ஸ் சில மில்லிமீட்டர் நகர்ந்து, மீண்டும் நடுவுக்கே வந்துவிடும். தேவையில்லாமல் கழலாது; தேவையான நேரத்தில் கழலும். குறை ஒன்றுதான்: குதிகாலைத் தூக்கி நடக்க முடியாது.

2. ஃபிரேம் பைண்டிங்: ஆல்பைன் பைண்டிங்கையே ஒரு சட்டத்தில் பொருத்தி, நடக்கும்போது சட்டம் முழுக்க மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்தது. மார்க்கர் நிறுவனத்தின் பழைய ‘டியூக்’ இந்த ரகம். இறங்கும்போது நம்பிக்கையானது. ஆனால் ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் சட்டத்தையும் குதிகால் பிடியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். புதிய வகைகள் வந்த பிறகு இதற்கு மவுசு குறைந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கலாம்.

3. பின் பைண்டிங்: ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தல் 1980-களில் உருவாக்கியது, டைனாஃபிட் நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. பூட்ஸின் முன்பக்கம் இரு புறமும் உள்ள சிறு குழிகளில் இரண்டு ஊசி முனைகள் போய் உட்காரும். 200 முதல் 400 கிராமுக்குள்ளேயே பல மாடல்கள் உண்டு. மணிக்கணக்கில் மலையேறுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால், ஆல்பைன் பைண்டிங்கின் அந்த விட்டுக்கொடுக்கும் தன்மை இதில் குறைவு. கரடுமுரடான பனியில் வேகமாக இறங்கினால் அதிர்ச்சி நேராகக் காலுக்கு வரும். எதிர்பாராமல் கழன்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

4. ஹைபிரிட்: ஏறும்போது பின் பைண்டிங், இறங்கும்போது ஆல்பைன் பைண்டிங். சாலமன், அட்டாமிக் நிறுவனங்கள் 2018-ல் கொண்டுவந்த ‘ஷிஃப்ட்’ இதில் பிரபலம். எடை ஒன்று சுமார் 900 கிராம். மார்க்கரின் ‘டியூக் பிடி’யில், ஏறும்போது முன்பக்கப் பிடியின் ஒரு பகுதியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ‘காஸ்ட்’ முறையில், லுக் நிறுவனத்தின் பிவட் பைண்டிங்கின் முன்பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பின் பகுதியை மாட்ட வேண்டும்.

இவற்றுக்கு நடுவே ‘பாதிக்குப் பாதி’ ரகமும் உண்டு. மார்க்கர் கிங்பின், ஃபிரிட்சி டெக்டான் போன்றவை முன்னால் பின், பின்னால் ஆல்பைன் குதிகால் பிடி. சாதாரண பின் பைண்டிங்கை விட உறுதி. ஹைபிரிட்டை விட எடை குறைவு.

அப்போ எதைத்தான் வாங்குவது?

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘எது பெஸ்ட்?’ என்பது அல்ல. ‘ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஏறப் போகிறோம்?’ என்பதுதான்.

ரோப் காரை விட்டு விலகவே போவதில்லை என்றால் ஆல்பைன் பைண்டிங் போதும். விலை குறைவு, பழுது குறைவு, பாதுகாப்பு அதிகம். ஹைபிரிட் வாங்கினால் அந்தக் கூடுதல் பணம் வீண்.

பெரும்பாலும் ரோப் காரில் ஏறி, நாளுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முகட்டில் நடந்து, பிறகு முழு வேகத்தில் இறங்குபவர்களுக்கு ஹைபிரிட்தான் சரி. குல்மார்க்கை நம்பிப் போகும் வேகப் பிரியர்களில் பலரும் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள்.

ரோப் காரே இல்லாமல் காலையிலிருந்து ஏறுவதுதான் திட்டம் என்றால், பின் அல்லது பாதிக்குப் பாதி ரகம். ஆனால், அதை வைத்துக்கொண்டு தினமும் ரிசார்ட்டில் முரட்டு வேகம் போகக் கூடாது.

எடை குறைவு என்பதற்காக மட்டும் பின் பைண்டிங் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு மணி நேரம் ஏறுவதில் மிச்சமாகும் சிரமத்துக்காக, நாள் முழுக்க இறங்கும்போது கிடைக்க வேண்டிய பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது லாபமான வியாபாரம் இல்லை.

ஐ.எஸ்.ஓ எண்ணில் என்ன இருக்கிறது?

விளம்பரத்தை விட இந்த எண்களைப் பார்ப்பது நல்லது. ஐ.எஸ்.ஓ 9462 என்பது ஆல்பைன் பைண்டிங்குக்கான தரம். ஐ.எஸ்.ஓ 13992 என்பது மலையேறும் பைண்டிங்குக்கானது. வாங்கப் போகும் மாடல் எந்தத் தரத்துக்குச் சான்று பெற்றிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்து பூட்ஸ். பின், ஹைபிரிட் இரண்டுக்குமே, ஊசி முனை உட்காரும் உலோகக் குழிகள் பூட்ஸின் முன்பக்கம் இருந்தால்தான் நடக்க முடியும். சாதாரண ரிசார்ட் பூட்ஸில் பெரும்பாலும் இவை இருக்காது. பூட்ஸின் அடிப்பாகமும் பல வகை; எல்லாம் எல்லா பைண்டிங்கிலும் சேராது. எனவே முதலில் பூட்ஸ், அதற்குப் பொருந்தும் பைண்டிங் என்ற வரிசையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

‘டின்’ எண்: இங்கே பொய் சொல்லக் கூடாது

எவ்வளவு விசையில் பைண்டிங் கழல வேண்டும் என்பதைக் காட்டும் அளவுதான் ‘டின்’ எண். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்து அட்டவணை பார்த்து இதை வைப்பார்கள்.

எடையைக் குறைத்துச் சொன்னால் எண் குறையும், ஓடும்போதே கழன்றுவிடலாம். ‘நான்லாம் சூப்பரா ஓட்டுவேன்’ என்று பந்தா காட்டினால் எண் கூடும், விழும்போது கழலாது. 50 வயதைத் தொட்டவர்களுக்கு அட்டவணையே எண்ணைக் குறைக்கச் சொல்கிறது.

16 வரை உள்ள மாடல்தான் கெத்து என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால், சராசரி எடை உள்ள பெரும்பாலானோருக்குத் தேவைப்படும் எண் 10-ஐத் தாண்டாது. தேவையான எண், பைண்டிங்கின் அளவுகோலில் நடுப்பகுதியில் வருவது நல்லது.

எந்த பைண்டிங்கும் முழு கியாரண்டி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவைத் தடுப்பதில் இவை நன்றாக உதவுகின்றன. முழங்கால் தசைநார் கிழிவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

அம்பத்தூர் பட்டறையில் ஓட்டை போடலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் துல்லியமாக டிரில் போடும் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ‘நாலு ஸ்க்ரூதானே’ என்று தோன்றலாம். ஆனால், பலகையின் உள்ளே மரம், ஃபைபர், சிலவற்றில் உலோகத் தகடு என அடுக்குகள் இருக்கும். உலோகத் தகடு இருந்தால் 4.1 மில்லிமீட்டர், இல்லாவிட்டால் 3.5 அல்லது 3.6 மில்லிமீட்டர் டிரில் பிட். ஆழம் 9 மில்லிமீட்டர் என்பது வழக்கம். கொஞ்சம் ஆழம் கூடினாலும் பலகையின் அடிப்பக்கம் சேதமாகிவிடும்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஓட்டைகளின் இடத்தைக் காட்டும் அச்சு தனியாக உண்டு. ஓட்டை போட்ட பிறகு, பைண்டிங் சரியான விசையில் கழல்கிறதா என்று மெஷினில் சோதிக்கவும் வேண்டும். எனவே, பனிச்சறுக்குக் கருவிகளுக்கான டெக்னீஷியனிடம் கொடுப்பதே நல்லது. ஷிஃப்ட் மாதிரியான மாடல்களில் முன்பக்கப் பிடியின் உயரத்தையும் ஒவ்வொரு பூட்ஸுக்கும் தனியாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பூட்ஸ் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு செய்யும் தவறும் ஒன்று உண்டு. அழுக்கு போகட்டும் என்று பைக் வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் தண்ணீர் அடிப்பது, கீச்சென்று சத்தம் வந்தால் கதவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது. இரண்டுமே உள்ளே உள்ள கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்தால் போதும். சென்னையின் ஈரப்பதத்தில், ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் பலகையின் இரும்பு விளிம்பு துருப்பிடித்துவிடும்.

மறக்கக் கூடாத இன்னொரு ஆபத்து

பின் பைண்டிங்கில் ஏறும்போது முன்பக்கத்தைப் பூட்டி வைப்பார்கள். அந்த நிலையில் அது கழலும் என்று நம்ப முடியாது. இறங்கும் முன் பூட்டை எடுக்க மறந்தால், ஃப்யூஸே இல்லாத வீடு மாதிரிதான். ஏறும்போது பனிச்சரிவு வந்துவிட்டாலோ, காலோடு சேர்ந்த பலகை நங்கூரம் போல ஆளையே உள்ளே இழுக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே கிலன்மார்க்கில் ஏற்பட்ட பனிச்சரிவில், உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவத்தினர் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அபர்வத் பகுதியில் போலந்தைச் சேர்ந்த இருவரும், 2024 பிப்ரவரி 22-ம் தேதி ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவரும் பனிச்சரிவில் பலியாகினர்.

எனவே, கண்காணிப்பு எல்லையைத் தாண்டுபவர்களிடம் பனிச்சரிவில் சிக்கியவரைக் கண்டறியும் டிரான்சீவர், மண்வெட்டி, நீளமான துழாவும் கம்பி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டியும், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கும் பழக்கமும் அதைவிட முக்கியம். டி.ஆர்.டி.ஓ-வின் கீழ் உள்ள டி.ஜி.ஆர்.இ அமைப்பு இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

சுருக்கமாக...

• ரோப் கார் பாதையிலேயே சறுக்குபவர்களுக்கு: ஆல்பைன்
• ரோப் காரில் ஏறி, கொஞ்சம் நடந்து, வேகமாக இறங்குபவர்களுக்கு: ஹைபிரிட்
• நாள் முழுக்க ஏறுபவர்களுக்கு: பின் அல்லது பாதிக்குப் பாதி
• முதல் முறை போகிறவர்களுக்கு: எதையும் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கலாம். ஆனால், டின் எண் என்ன வைத்தார்கள் என்று கடையில் கட்டாயம் கேட்க வேண்டும்.

எடை, உயரம், வயது எதையும் கேட்காமல் கடைக்காரர் ஸ்க்ரூவைத் திருகினால், அந்தக் கடையில் எடுக்காமல் வந்துவிடுவதே நல்லது.