ட்ரம்புக்கும் ஒரு ஓட்டு, சிக் லீவுக்கும் ஒரு ஓட்டு

நடு அமெரிக்கா – 7

2024 நவம்பர் 5-ம் தேதி மிசூரி மாநிலத்தில் ஓட்டுப் போடப் போனவர்கள் கையில் நீளமான தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில் கட்சிப் பெயரோடு வரும் பதவிகள். ஜனாதிபதி, செனட்டர், கவர்னர், பொருளாளர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். அப்புறம், பதவியில் இருக்கும் நீதிபதிகளைத் தொடர விடலாமா என்று பெயர் பெயராகக் கேள்வி. அதையும் தாண்டினால் கட்சிப் பெயரே இல்லாத பகுதி வரும். விளையாட்டுப் பந்தயத்தில் பணம் கட்டுவதை அனுமதிக்கலாமா? கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா? குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்தோடு சிக் லீவும் தரலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டு சின்ன வட்டங்கள். எது வேண்டுமோ அதைப் பேனாவால் நிரப்ப வேண்டியதுதான்.

ராத்திரி முடிவு வந்தது. ட்ரம்புக்கு 58 சதவீதத்துக்கு மேல். கூலி உயர்வுக்கும் சிக் லீவுக்கும் சேர்த்துக் கேட்ட கேள்விக்கு 57 சதவீதத்துக்கு மேல் 'ஆம்'. கருக்கலைப்பு உரிமையும் 51 சதவீதத்தைத் தாண்டி ஜெயித்தது. (பந்தயமும் ஜெயித்தது, 3,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில். அதற்காகப் பணத்தைத் தண்ணீராக இறைத்த கம்பெனிக்காரர்கள் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார்கள்.)

முதல் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். 115 வருகிறது. ஓட்டுப் போட்ட நூறு பேரில் ஏறக்குறைய 15 பேராவது ட்ரம்ப் வட்டத்தையும் நிரப்பி, சிக் லீவு வட்டத்தையும் நிரப்பியிருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும். அமெரிக்கத் தேர்தலைப் பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகளில் இந்தப் பதினைந்து பேரைக் காணவே முடியாது. டிவி விவாதத்துக்கு இவர்கள் தோதுப்படுவதில்லை. இந்தப் பக்கமும் வசவு வாங்க மாட்டார்கள், அந்தப் பக்கமும் கைதட்டல் வாங்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். கார் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடைசிவரை யூனியன் சந்தா கட்டியவர். வீட்டு முகப்பில் வருடம் முழுக்கக் கொடி பறக்கும். கோடையில் சாயங்காலமானால் கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு, ரேடியோவில் கார்டினல்ஸ் பேஸ்பால் மேட்ச் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். போகிற வருகிறவர்களை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டார். ட்ரம்ப் என்ன செய்து கிழிப்பார் என்று போடுகிறீர்கள் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். பட்டியல் எதுவும் போடவில்லை. “வாஷிங்டன்காரங்களுக்கு அவரைக் கண்டா ஆகாது. எனக்கு அது போதும்.” சரி, சிக் லீவுக்கு ஏன் 'ஆம்' போட்டீர்கள்? “என் பேத்தி மளிகைக் கடையில கல்லால நிக்கிறா. காய்ச்சல்னு படுத்தா அன்னைக்குச் சம்பளம் கிடையாது. இதுல கட்சி எங்க வந்துச்சு?”

எனக்குத் தெரிந்தவரை சாதாரண அமெரிக்கரின் அரசியல் இவ்வளவுதான். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும்போது, இவன் யார் பக்கத்து ஆள் என்று பார்க்கிறார். கேள்வியைப் பார்த்து ஓட்டுப் போடும்போது வீட்டு வரவு செலவைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குத்தான் அந்தக் கவலை.

மிசூரி முன்பு இப்படிச் சிவப்பாக, அதாவது ட்ரம்பின் குடியரசுக் கட்சி நிறத்தில், இருந்த மாநிலமும் இல்லை. 1904-லிருந்து 2004 வரை ஒரே ஒரு தேர்தல் தவிர (1956) இங்கே ஜெயித்தவர்தான் ஜனாதிபதி. 2008-ல் ஒபாமாவை விடக் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கு இங்கே கிடைத்தது 4,000-க்கும் குறைவான ஓட்டு அதிகம். அதற்கப்புறம்தான் மாநிலம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது.

மருத்துவத்துக்கு வருவோம். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிஷத்துக்குள் 65 என்ற எண் வந்துவிடும். 65 ஆனால் அரசாங்கத்தின் மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேர் கிடைக்கும். அதுவரை வேலையை விட முடியாது. விட்டால் இன்சூரன்ஸ் போய்விடும். நம் பக்கத்து வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்து பல வருடமாயிற்று, மனைவிக்கோ சர்க்கரை. முன்னாடியே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மனைவியின் மருந்துச் செலவு அவருடைய வேலையோடு கட்டப்பட்டிருந்தது.

இந்தக் கட்டை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, விலைவாசி ஏறாமல் இருக்க 1942-ல் சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டார்கள். ஆனால் இன்சூரன்ஸ் மாதிரியான சலுகைகள் சம்பளக் கணக்கில் சேராது என்று விட்டுவிட்டார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள் அந்தச் சந்து வழியாகப் போனார்கள்: சம்பளம் கூட்ட முடியாது, வா, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். 1954-ல் அந்தப் பணத்துக்கு வரி இல்லை என்று சட்டமும் வந்துவிட்டது. போர்க்காலத்து ஒட்டுவேலை இன்றைக்குப் பாதி நாட்டின் கூரையாக நிற்கிறது. கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு அமைப்பின் 2024 கணக்குப்படி, கம்பெனி மூலமாக ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் இன்சூரன்ஸின் சராசரி வருடப் பிரீமியம் 25,572 டாலர். ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். இதில் தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடிப்பது சுமார் 6,300 டாலர். மீதியைக் கம்பெனி கட்டுகிறது. அதுவும் உண்மையில் அவர் கைக்கு வந்திருக்க வேண்டிய சம்பளம்தான்.

இப்போது அவருடைய பர்ஸில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் மெடிகேர் அட்டை இருக்கிறது. டாக்டரிடம் போனால் அதை எடுத்து நீட்டுகிறார். திரும்பி வந்து கராஜில் உட்கார்ந்து, அரசாங்கம் வைத்தியத்தில் தலையிடக் கூடாது என்கிறார். இது அவர் ஒருவருடைய வேடிக்கை இல்லை. 2009-ல் ஒபாமாவின் மருத்துவ இன்சூரன்ஸ் திட்டம் விவாதத்தில் இருந்தபோது, தெற்குக் கரோலினாவின் சிம்சன்வில்லில் பாப் இங்லிஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் நடத்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். மெடிகேரை நடத்துவதே அரசாங்கம்தான் ஐயா என்று அவருக்கு விளங்க வைக்க இங்லிஸ் பட்ட பாடு அப்போது நாடு பூராவும் சிரிப்பாய்ச் சிரித்தது.

எனக்கு அதில் பெரிதாகச் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் மெடிகேர் என்று ஒரு வரி இருக்கும். 1.45 சதவீதம் பிடித்தம். முதலாளி இன்னொரு 1.45 போடுவார். நாற்பது வருடம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அது அரசாங்கம் தரும் இலவசமாகத் தோன்றுமா? போட்டு வைத்த பணத்தைத் திரும்ப எடுக்கிறோம் என்றுதான் தோன்றும். அவர் கேள்விப்பட்ட 'அரசாங்க வைத்தியம்' வேறு. அது யாரோ உழைக்காதவர்களுக்குக் கொடுப்பது.

அந்த மெடிகேர் பிறந்த ஊரும் மிசூரியில்தான் இருக்கிறது. அனைவருக்கும் இன்சூரன்ஸ் என்று 1945-லேயே காங்கிரஸிடம் கேட்டவர் இந்த மாநிலத்துக்காரரான ஜனாதிபதி ட்ரூமன். டாக்டர்கள் சங்கம் சோஷலிசம் என்று கூச்சல் போட்டுக் கவிழ்த்துவிட்டது. இருபது வருடம் கழித்து, 1965 ஜூலை 30-ம் தேதி, ஜனாதிபதி ஜான்சன் வேலை மெனக்கெட்டு இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு வந்து, ட்ரூமன் நூலகத்தில் வைத்து மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. அதே கையெழுத்தில் ஏழைகளுக்கான மெடிகெய்டும் பிறந்தது. ஆனால் அதை மாநிலங்களின் கையில் விட்டதால், அதன் தலையெழுத்து ஊருக்கு ஊர் மாறியது.

மிசூரியில் அது எப்படி இருந்தது தெரியுமா? குழந்தை இல்லாத, உடல் ஊனமில்லாத, உழைக்கும் வயதில் இருப்பவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்ட் கிடையாது. பெற்றோராக இருந்தால், வருமானம் வறுமைக் கோட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே கிடையாது. ஒபாமா சட்டம் இதை வறுமைக் கோட்டின் 138 சதவீதம்வரை உயர்த்தச் சொன்னது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அது மாநிலங்களின் விருப்பம் என்றுவிட்டது. மிசூரி சட்டமன்றம் மாட்டேன் என்றது. சந்தையில் இன்சூரன்ஸ் வாங்க மத்திய அரசு தரும் மானியமோ வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும். ஆக, கொஞ்சம் வசதியானவருக்கு மானியம் உண்டு. பரம ஏழைக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஓட்டலில் தட்டுக் கழுவியவர்கள், கிடங்கில் பெட்டி அடுக்கியவர்கள் எனப் பலர் இந்தப் பள்ளத்தில் கிடந்தார்கள்.

கடைசியில், மெடிகெய்டை விரிவாக்கலாமா என்று கையெழுத்துத் திரட்டி மக்களிடமே கேட்டார்கள். 2020 ஆகஸ்டில் 53 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். கிராமத்து மாவட்டங்கள் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் போட்டன. செயின்ட் லூயிஸும் கன்சாஸ் சிட்டியும் தூக்கி நிறுத்தின. அடுத்த வருடம் சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது. செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் தரும் என்ற நிலையில் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், மக்கள் எழுதியதை மீற முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. இரண்டே வருடத்தில் அதில் சேர்ந்தவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சில வாரத்தில் தபாலில் ஒரு காகிதம் வரும். கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று போட்டிருக்கும். கீழே கட்டங்கள். ஆஸ்பத்திரி கேட்டது நான்கு இலக்கத்தில். இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி முடித்த விலை மூன்று இலக்கத்தில். அதில் கம்பெனி தந்தது பூஜ்ஜியம், உங்கள் டிடக்டிபிள் இன்னும் தீரவில்லை. டிடக்டிபிள் என்பது நீங்கள் முதலில் கைக்காசு போட்டுத் தீர்க்க வேண்டிய தொகை. அது தீர்ந்த பிறகுதான் இன்சூரன்ஸ் வாயைத் திறக்கும். ஜனவரி 1-ம் தேதி மறுபடி முதலிலிருந்து. அதனால் டிசம்பரில் முட்டி ஆபரேஷனுக்குக் கூட்டம் அலைமோதும். எதிர்பாராத பில்லைத் தடுக்க 2022-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான், சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் அதில் சேர்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வேண்டாம், காரிலேயே கூட்டிப் போ என்று சொன்ன ஆட்களின் கதை எந்தத் தெருவிலும் ஒன்று கிடைக்கும்.

2024 டிசம்பர் 4-ம் தேதி நியூயார்க்கில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொலை கொலைதான். ஆனால் செத்தவருக்காக அழுததை விடத் தங்களுக்கு இன்சூரன்ஸ் அனுப்பிய நிராகரிப்புக் கடிதங்களைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். கராஜ்காரர் கொலையைக் கண்டித்தார்; கண்டித்துவிட்டு, மனைவியின் மாத்திரைக்கு முன் அனுமதி கேட்டு அலைந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் சிவப்புக் கட்சி, நீலக் கட்சி பார்க்காமல் எல்லார் வீட்டிலும் ஒரே கோபம்.

அந்தச் சிக் லீவு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. முப்பது மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் லீவு சேரும் என்பது விதி. 2025 மே 1-ம் தேதி தொடங்கியது. சட்டமன்றம் நிறைவேற்றியிருந்த ரத்து மசோதாவில் ஜூலையில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 28-ம் தேதி லீவு செத்துப்போயிற்று. 15 டாலர் கூலியைத் தொடவில்லை; ஆனால் அதற்கப்புறம் விலைவாசியோடு சேர்ந்து அது ஏறும் என்ற பகுதியை வெட்டிவிட்டார்கள். மெடிகெய்டை ஏன் இப்படி ரத்து செய்ய முடியவில்லை? அது அரசியல் சட்டத் திருத்தமாக வந்தது. சிக் லீவு சாதாரணச் சட்டமாக வந்தது. அதற்குத் திரட்ட வேண்டிய கையெழுத்து குறைவு, அதை ரத்து செய்வதும் சுலபம்.

மெடிகெய்டுக்கும் நல்ல காலம் என்று சொல்ல முடியாது. அதை வெட்டுவது தர்மமும் இல்லை, அரசியல் தற்கொலையும்கூட என்று 2025 மே மாதம் பத்திரிகையில் எழுதிய மிசூரி செனட்டர் ஜோஷ் ஹாலி, ஜூலையில் அதே வெட்டு அடங்கிய மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதன்படி, 2020 ஓட்டில் உள்ளே வந்த பெரியவர்களில் பலர் இனி மாதம் 80 மணி நேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்ட வேண்டிவரும்.

நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கட்சிதானே பேத்தியின் லீவைப் பிடுங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். கோபம் இருந்தது, ஆனால் நான் நினைத்த திசையில் இல்லை. “அது ஜெஃபர்சன் சிட்டில உக்காந்திருக்கவங்க பண்ணின வேலை. ட்ரம்ப் என்ன பண்ணுவார்?” மாநிலத் தலைநகரில் இருக்கும் அந்த ஆட்களுக்கு அடுத்த தடவை என்ன செய்வீர்கள் என்றேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

அந்த ஆட்களும் சும்மா இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் இனி மாநிலம் முழுக்கப் பெரும்பான்மை வாங்கினால் மட்டும் போதாது, 8 காங்கிரஸ் தொகுதிகளிலும் தனித்தனியாக ஜெயிக்க வேண்டும். ஒரு தொகுதி 'இல்லை' என்றாலும் கதை முடிந்தது. 2020-ல் இந்த விதி இருந்திருந்தால் மெடிகெய்ட் அன்றைக்கே தோற்றிருக்கும். சட்டமன்றமே கொண்டுவரும் திருத்தங்களுக்கு இந்த விதி கிடையாது. 2026 நவம்பரில் இதையும் மக்களிடமே கேட்கப் போகிறார்கள். இது நிறைவேற மட்டும் மாநிலம் முழுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.