கணவன் மனைவி குணப் பொருத்தம்



பெண் பார்க்கக் கிளம்பினால் நம்ம பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி, "பொண்ணு என்ன நட்சத்திரம்?" என்பதுதான். பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறுகிறது என்று விரல் விட்டு எண்ணுகிறோம். அதில் கணப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. சுபாவம் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது அது. 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவகணம், மனுஷகணம், ராட்சசகணம் என்று பெயர் வைத்தார்கள். தேவகணம் சாது, ராட்சசகணம் முரடு, மனுஷகணம் இரண்டும் கலந்தது என்பது கணக்கு.

சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அப்படியானால் அந்த ஒரு நாளில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே கணம். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பிறந்த நாலு பிள்ளைகளை நாலு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஒன்று பிடிவாதம் பிடிக்கும், ஒன்று பாட்டி மடியை விட்டு இறங்காது, ஒன்று தெருவிலேயே கிடக்கும், இன்னொன்று எதைக் கொடுத்தாலும் சிரிக்கும். இதை ஒப்புக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் மூலம், ஆயில்யம் என்று சொல்லி நல்ல பெண்களை முப்பது வயது வரை வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறோமே, அந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது?

தமிழில் இதைவிடப் பழைய பொருத்தம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் காதலர் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்து சொல்லப்படுகின்றன. குடிப்பிறப்பு, வயது, உருவம் ஆகியவற்றோடு ஆசை, நிலைத்த மனம், இரக்கம், உணர்வு ஆகியவையும் அதில் உண்டு. நட்சத்திரம் இல்லை. அதற்கு அடுத்து, இருக்கக் கூடாதவை என்று வேறொரு வரிசை வருகிறது. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே மெச்சிக்கொள்வது, புறம் பேசுவது, கடுஞ்சொல், சோம்பல், குலப்பெருமை பேசுவது, மறதி, பிறரோடு ஒப்பிடுவது என்று போகிறது. இன்றைக்கு எந்தக் குடும்பத்துப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தாலும் காதில் விழுவது இந்த வரிசைதான். "எங்க அண்ணி அப்படியா சமைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பட்டினி கிடந்த ஆண்பிள்ளைகள் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம்.

ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது?

அடிக்கடி பார்க்கிற முகம் மனதுக்குப் பிடித்துப்போகிறது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற மனவியல் அறிஞர் 1968இல் இதைப் பரிசோதனைகளோடு எழுதினார். அத்தை மகன், மாமன் மகள் மேல் ஆசை வருவதில் இதற்கும் பங்கு உண்டு. திருவிழாவுக்குத் திருவிழா பார்த்த முகம் அல்லவா! "தெரிஞ்ச குணம், சொந்தத்திலேயே கொடுத்துடலாம்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். நெருங்கிய ரத்த உறவில் மணம் முடித்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது.

அடுத்தது ஒற்றுமை. வயது, படிப்பு, சாமி, பணம், பிள்ளை வளர்ப்பு பற்றிய அபிப்பிராயம் ஆகியவற்றில் கணவன் மனைவி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சுபாவத்தில் அந்த ஒற்றுமை மிகக் கொஞ்சம்தான். "எதிரும் புதிருமா இருந்தாத்தான் ஒட்டும்" என்று ஒரு பேச்சு உண்டே, அதை 1950களில் அமெரிக்காவில் ராபர்ட் விஞ்ச் என்பவர் ஒரு கொள்கையாகவே சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகள் அதற்கு அவ்வளவாகச் சாட்சி சொல்லவில்லை.

நம்ம நன்னிலம் நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த டைரக்டர் கே. பாலசந்தர் 1985இல் 'சிந்து பைரவி' என்ற படம் எடுத்தார். பலர் பார்த்திருப்பீர்கள். பாடகருக்கு மனைவி பைரவி மேல் வெறுப்பு கிடையாது, ஆனால் அவளுக்குச் சங்கீதம் தெரியவில்லை. சிந்துவுக்குத் தெரிகிறது, மனசு அங்கே சாய்கிறது. ஒரே ரசனை எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதை அந்தப் படம் சரியாகக் காட்டியிருக்கிறது. அந்த இழுப்பு அவருக்கு நிம்மதி தரவில்லை, குடியில் கொண்டுபோய் விட்டது என்பதையும் காட்டியிருக்கிறது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்கிற கணவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் உட்கார்ந்து ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தது உண்டா?

பெரியவர்கள் பார்த்து வைத்ததா, காதலா, எது நிலைக்கும் என்ற வழக்கும் தீரவில்லை. 1982இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், காதல் மணத்தில் ஆரம்பத்தில் இருந்த அன்பு வருஷம் போகப் போகக் குறைந்ததாகவும், பார்த்துச் செய்த மணத்தில் வளர்ந்ததாகவும் கண்டார்கள். பிந்தைய சில ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளை மிரட்ட வேண்டாம்.

வாயாடியும் ஊமையும்

மனிதர்களைச் சாது, முரடு என்று இரண்டு குதிராகப் பிரித்துக் கொட்ட முடியாது. இப்போதைய மனவியலார் ஐந்து குணங்களைச் சொல்கிறார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, புதியதை விரும்புவது, சட்டென்று கலங்கி எரிச்சல்படுவது. ஒவ்வொன்றும் உயரம் மாதிரி. சிலர் ரொம்ப நெட்டை, சிலர் ரொம்பக் குட்டை, பெரும்பாலோர் நடுவில். குடும்பம் நடப்பதில் இருவரும் ஒரே மாதிரியா என்பதற்கு அதிக எடை இல்லை. அவரவருக்கு எரிச்சல் எவ்வளவு, இரக்கம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்பதற்குத்தான் எடை.

நான் கிராமங்களில் அதிகம் பார்ப்பது பேசாத கணவரும் பேசுகிற மனைவியும்தான். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ரெண்டு நாளாகக் காவல் கிடக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டார்கள். மேலே மேகம் கட்டுகிறது. குளிக்க வீட்டுக்கு வந்தவரிடம், "என்னங்க ஆச்சு, போட்டாங்களா இல்லியா?" என்று அவள் கேட்கிறாள். "ம்." "சொன்னாத்தானே தெரியும்? நகைக்கு வட்டி கட்டணும்ல?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார். அவள் கேட்கக் கேட்க அவர் விலகுகிறார். அவர் விலக விலக அவள் குரல் உயர்கிறது. "கல்லு மாதிரி மனுஷன்" என்கிறாள். "ஓயாத வாய்" என்கிறார். இரண்டும் குணம் இல்லை. ஈர நெல்லும் வட்டியும் வீட்டுக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். அவர் பேசத் தெரியாதவராகவே இருக்கட்டும். "இன்னிக்குப் போடல, ராத்திரி சொல்றேன்" என்ற நாலு சொல் போதும். அவளும் அதற்குப் பிறகு ராத்திரி வரை கேட்காமல் இருக்க வேண்டும். இது ஒரு ஒப்பந்தம்.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்பவர் தம்பதிகளைப் பேசவிட்டுப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். சண்டை போடாத தம்பதி இல்லை. அவர்கள் சண்டையில் பெரும்பகுதி தீராத விஷயங்களைப் பற்றியே. இருபது வருஷம் கழித்தும் அதே சண்டை. ஆனாலும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். குடும்பத்தை உடைப்பதில் முதலிடம் ஏளனத்துக்கு என்றார். உதட்டைச் சுழிப்பது, பிறந்த வீட்டை இழுத்துப் பேசுவது, பிள்ளைகள் எதிரில் கேலி செய்வது எல்லாம் அதில் சேரும்.

பேரளத்துக்குப் பக்கத்தில் திருமீயச்சூர் கோயிலில், சுவாமி அம்பாளின் முகவாயைப் பிடித்துச் சமாதானம் செய்கிற சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் நின்று பார்த்தால் அம்பாள் முகத்தில் கோபம், மறுபக்கம் வந்து பார்த்தால் புன்சிரிப்பு. போகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்.

குணமா, நோயா?

இந்தப் பிரசுரத்தில் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதி. "முன்னே இப்படி இல்ல, இப்பத்தான் எரிஞ்சு எரிஞ்சு விழறா" என்று ஒருவர் சொன்னால் அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். குணம் சட்டென்று மாறாது. மாறினால் உடம்பைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தம் குறைந்தால் அசதி, படபடப்பு, எரிச்சல் எல்லாம் வரும். சோம்பேறி என்ற பட்டமும் கூட வரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. தைராய்டு குறைந்தாலும் மந்தமும் மனச்சோர்வும் உண்டாகும்.

பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமில்லாமல் அழுவது, தூக்கமின்மை, குழந்தை மேல் ஒட்டாமல் இருப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இதைத் திமிர் என்கிறார்கள், காற்று கறுப்பு என்கிறார்கள். இரண்டும் இல்லை, சிகிச்சையில் தீருகிற நோய். ஆண்களுக்கும் மனச்சோர்வு வரும், ஆனால் பல சமயம் அழுகையாக வராது. கோபமாகவும் குடியாகவும் வரும்.

கை நீட்டுவது மட்டும் எந்தக் குணக் கணக்கிலும் சேராது. "அவரு சுபாவம் அப்படி, பொறுத்துப் போ" என்று அம்மாவே சொன்னாலும் கேட்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்குப் பாதுகாப்பு தருகிறது. அடிப்பது, திட்டி அவமானப்படுத்துவது, செலவுக்குப் பணம் கொடுக்காமல் வைப்பது எல்லாம் அதன் கீழ் வரும். பெண்கள் உதவி எண் 181, எந்நேரமும் பேசலாம்.

ரத்தப் பரிசோதனைக்குக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை, குடியை விட வேண்டும் என்ற எண்ணம், எதுவானாலும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கணவரும் கூட வந்தால் நல்லது. வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள்.