உழவு இயந்திரம் இடைவழியில் நிற்பதேன்?

மருந்து கொடுக்குமுன் நோய் யாதென அறிதல் வேண்டும் என்பது வைத்திய நூலார் கொள்கை. மனிதர்க்குச் சொல்லிய இவ்விதி எருதுக்கும் ஒக்கும். எருதின் இடத்தைப் பெற்ற உழவு இயந்திரத்துக்கும் ஒக்கும். ஆயினும், இயந்திரம் நின்ற மாத்திரத்தே சாவியைக் கையிலெடுத்துக் கண்ணிற்பட்ட ஆணிகளையெல்லாம் கழற்றத் தொடங்குவோரே பலர். பெரும்போகத்தின் தொடக்கத்தில் நிலம் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களிற் பழைய இயந்திரமொன்று வரம்போரத்தில் நின்று நின்று ஓடுமாயின் இழப்பு ஒரு பொழுதின் கூலியளவில் அமையாது. மழை முந்திக்கொள்ளப் புழுதி விதைப்பே தவறிவிடும். ஆதலின் இந்நோயின் குறிகளை முறையாக ஆராய்தல் கமக்காரர் அனைவர்க்கும் பயன்தரும்.

முதலில் டீசல் இயந்திரத்தின் இயல்பை அறிவோம். ஜெர்மன் நாட்டுப் பொறியியலறிஞர் ருடோல்ப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஆக்சுபேர்க் நகரில் இதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். இதன்கண் எரிபொருளைக் கொளுத்தும் மின்பொறி இல்லை. உருளையினுள் முசலம் காற்றை நெருக்க, அந்நெருக்கத்தாற் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும். அவ்வேளையிற் புகைபோல் நுண்ணிதாகப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றும். எனவே ஓடிக்கொண்டிருந்த டீசல் இயந்திரம் நின்றுபோனால், பெரும்பாலும் டீசல் வரவு குறைந்தது அல்லது காற்று வரவு குறைந்தது என்பதே பொருள்.

இவ்விரண்டில் எதுவென்பதை இயந்திரம் நிற்கும் விதமே சொல்லும். கரும்புகை கக்கித் திணறி நின்றால் காற்றுக் குறைவு, அல்லது தாங்கவொண்ணாச் சுமை. காற்றுவடியின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்; அடியிற் சேறு உறைந்திருந்தாற் கழுவிப் புதிய எண்ணெய் வார்த்தல் வேண்டும். புகை அதிகமின்றி, எண்ணெய் வற்றிய விளக்குப்போல வலிகுன்றி, இரண்டொரு முறை தேறித் தேறிப் பின் அவிந்தால் டீசற் குறைவு. பழைய இயந்திரங்களிற் பெரிதும் காணப்படுவது இதுவே.

1959ஆம் ஆண்டு முதல் மூன்றுருளைப் பேர்க்கின்ஸ் இயந்திரத்துடன் வெளிவந்த மசி பேர்குசன் 35ஐ எடுத்துக்கொள்வோம். தொட்டியினின்று புறப்படும் டீசல் அடைப்பான், ஏற்றுபம்பி, வடிகள், டீசற்பம்பி என்னும் இவற்றை முறையே கடந்து, இன்ஜெக்டர் எனப்படும் பீச்சுமுனையை அடையும். ஆராய்ச்சியும் இவ்வழியே செல்லுதல் வேண்டும். எழுத்தறியாதான் பொருளதிகாரத்திற் புகுதல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே தொட்டியைப் பாராதான் டீசற்பம்பியிற் கைவைத்தலும் தகாது.

இம்முறையின் அருமையை ஒரு குறியாலே தெளியலாம். அரைமணி நேரம் செவ்வனே ஓடிய இயந்திரம் நின்றுவிடுகின்றது. சிறிது பொழுது ஆறவிட்டால் மீண்டும் புறப்பட்டுச் சற்று ஓடி மறுபடியும் நிற்கின்றது. டீசற்பம்பி தேய்ந்தாலும் இக்குறி தோன்றும். சூட்டினால் இளகிய டீசல் தேய்ந்த இடைவெளிகளிற் கசிந்துவிடும், ஆறியபின் மீளும். அதனைப் புதுக்குதற்குப் பெருஞ்செலவாகும். ஆனால் தொட்டி மூடியிலுள்ள சிறுதுவாரம் சேற்றினால் அடைபட்டாலும் இதே குறிதான். டீசல் இறங்க இறங்கத் தொட்டியினுள் வெறுமை மிகுந்து, அது டீசலை இறங்கவொட்டாமற் பிடித்துக்கொள்ளும். நின்ற உடனே மூடியைத் திறவுங்கள். காற்று உட்புகும் ஓசை கேட்டாலோ, மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டும்போது இயந்திரம் நில்லாது ஓடினாலோ, நோய் மூடியில் உள்ளது. அதற்கு மருந்து ஓர் ஊசியே. இச்சோதனையைச் செய்யாது பம்பியைக் கழற்றுவித்தவர் ஊசிக்குப் பதிலாக ஒரு போகத்தின் விளைவைக் கொடுத்தவராவர்.

மூடி குற்றமற்றதாயின் அடைப்பானைத் திறந்து டீசலை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுப் பாருங்கள். நூல்போல் ஒழுகினால் தொட்டியின் அடியில் அடைப்பு உண்டு. குவளையின் அடியிலே தெளிந்த வேறொரு படை தங்கினால் அது தண்ணீர். குறைத்தொட்டியுடன் இரவில் விடப்படும் இயந்திரத்திற் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். மாலையில் தொட்டியை நிரப்பிவைத்தல் இதற்குக் காப்பு. அடுத்து வடிகளை மாற்றுக.

இனிக் காற்றுப் புகுதல். டீசற்பம்பியின் பக்கத்தில் இணைப்புத் தளர்ந்தால் டீசல் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்திலோ ஒரு துளியும் ஒழுகாமலே காற்று உட்புகலாம். ஆதலால் நனையாத இணைப்பையும் ஐயுறுக. பழுதை நீக்கியபின் எயர் எடுத்தல் வேண்டும். வடியின் மேலுள்ள ஆணியைத் தளர்த்தி, ஏற்றுபம்பியின் கைப்பிடியை அசைக்க, முதலில் நுரையும் பின் தெளிந்த டீசலும் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஆணியை இறுக்குக. இவ்வாறே டீசற்பம்பியிலும் செய்க. கைப்பிடி எதிர்ப்பின்றி ஆடினால் பம்பி பழுதென்று துணியற்க. இயந்திரத்தைச் சிறிது சுழற்றிவிட்டு மீண்டும் அசைத்துப் பார்க்க. இறுதியில் பீச்சுமுனைகளின் குழாய் மரைகளைத் தளர்த்திச் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்குக. பீச்சுமுனை பாய்ச்சும் தாரைக்கு நேரே ஒருபோதும் கையை நீட்டற்க. அதன் அமுக்கம் தோலைத் துளைத்து டீசலை உடலினுட் செலுத்தவல்லது. காயம் ஊசித்துளைபோலச் சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

இத்துணையும் செய்தபின்னரும் இயந்திரம் நிற்குமாயின், அப்பொழுதே டீசற்பம்பியையும் பீச்சுமுனையையும் அத்தொழில் வல்லாரிடம் ஒப்புவித்தல் முறை. அவரிடம் செல்லும்போது, எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வாறு நின்றது, புகை எந்நிறம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நோயாளி பேசமாட்டாத இடத்தில் உடனிருந்தார் சொல்லே வைத்தியனுக்கு விளக்காகும்.