கார்க் கூட்டினுள் மறைந்திருக்கும் துரு

பழைய மோட்டார்க் கார்களின் மட்கார்டிலோ, கதவின் அடிப்பாகத்திலோ வர்ணம் சிறு கொப்புளமாக எழும்பியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். உரிமையாளர் அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்ப்பித்து, பட்டி வைத்துச் சமன் செய்வித்து, மேலே புது வர்ணம் பூசுவிக்கிறார். வண்டி புதியதுபோல் விளங்குகிறது. ஆனால், அடுத்த மழைக்காலம் கழிந்ததும் கொப்புளம் அதே இடத்தில் முன்னினும் பெரிதாகத் தோன்றுகிறது. இதற்குக் காரணம் என்ன? இத்தகைய கொப்புளங்களுள் பல துருவின் தொடக்கம் அல்ல. அதன் முடிவே ஆகும். துரு பிறந்த இடம் தகட்டின் உட்புறம். அங்கு அது பல ஆண்டுகள் தடையின்றி வளர்ந்து, தகட்டைத் துளைத்த பின்னரே வெளியே முகம் காட்டுகிறது.

கூடே அடிச்சட்டம்

முற்காலத்துக் கார்களில் கனத்த எஃகு அடிச்சட்டத்தின் மீது மேற்கூடு தனியாகப் பொருத்தப்பட்டது. பின்னர், சட்டமும் கூடும் ஒன்றேயான அமைப்பு வழக்கத்திற்கு வந்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014ஆம் ஆண்டு வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாக்கப்பட்ட அம்பாசடர் கார் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய வண்டியில் மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, பெட்டிகளாகப் பற்றவைத்து, அவற்றாலேயே வண்டிக்கு வலிமை தருகின்றனர். கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் செல்லும் பெட்டி உத்தரங்கள் இவற்றுள் முக்கியமானவை. அவை அரிக்கப்பட்டால் மோதலின்போது உள்ளிருப்போரைக் காக்க வேண்டிய கூடு எளிதில் நசுங்கிவிடும். ஆகவே, மறைந்த துரு வண்டியின் அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. உயிரைப் பற்றிய விஷயமும் ஆகும்.

துரு வளரும் விதம்

இரும்பு துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயன நிகழ்ச்சியாகும். நீரும் பிராணவாயுவும் இதற்குத் தேவை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைக் கடக்கும்போது உலோகத்தின் மீது கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் படிகிறது. அதில் உப்புக் கலந்திருந்தால் அரிப்பு மேலும் விரைவடையும். கடற்கரை நகரங்களில் வண்டிகள் விரைவில் துருப்பிடிப்பது இதனாலேயே.

இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் மற்றொரு செயலும் நிகழ்கிறது. இடுக்கினுள் தேங்கிய நீரில் பிராணவாயு குறைவு, வெளியே மிகுதி. இந்த வேறுபாட்டால் இடுக்கினுள்ளிருக்கும் இரும்பு நேர்மின்வாயாகிக் கரைகிறது. பிராணவாயு மிகுந்த வெளிப்பகுதி எதிர்மின்வாயாகிக் காக்கப்படுகிறது. காற்றுப் புகாத இடம் பாதுகாப்பானது என்ற பொதுவான எண்ணம் இங்குப் பொய்த்துவிடுகிறது. மேலும், துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் இணைப்புகளைப் பிளந்து, நீர் புகுவதற்குப் புது வழியும் செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது.

கண்டறியும் வழிகள்

முதலில் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளை நோக்க வேண்டும். அவை சேற்றால் அடைபட்டிருப்பின் பெட்டியினுள் நீர் தேங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். பட்டி கனமாகப் பூசப்பட்ட இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. ஐயம் எழும் இடத்தைக் குத்தூசியால் அழுத்தினால் உண்மை வெளிப்படும். டிக்கியின் தரை, கதவுகளின் உட்புறம், மிதியடிக்குக் கீழுள்ள தகடு ஆகியவற்றை விரிப்புகளை நீக்கியே ஆராய வேண்டும்.

பழுது நீக்கும் முறை

மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவைச் சுரண்டி, எஞ்சியதைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியால் மாற்றலாம். ஆயினும், அரித்துப்போன தகட்டுக்கு எந்த இரசாயனமும் வலிமையை மீட்டுத் தராது. அத்தகைய தகட்டைப் பளபளப்பான நல்ல உலோகம் தென்படும் வரை வெட்டி நீக்கி, அதே தடிப்புள்ள புதுத் தகட்டைப் பற்றவைப்பதே முறை. துருவின் மேல் தகட்டை ஒட்டவைத்தால் மற்றோர் இடுக்கு உண்டாகி, நோய் இரட்டிப்பாகும்.

பெட்டி உத்தரத்தை வெட்டுவதற்கு முன் கூட்டைப் பல இடங்களில் தாங்குகள் கொடுத்து நிறுத்த வேண்டும். கதவு வாயில்களில் குறுக்குக் கம்பிகள் பொருத்த வேண்டும். இல்லையேல் கூடு வளைந்து, கதவுகள் மூடாமற் போகும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுதல் நலம். வெப்பத்தால் தகடு நெளியாதிருக்க, சிறு சிறு புள்ளிகளாக இடம் மாற்றிப் பற்றவைப்பர். பாட்டரியின் இணைப்பை முன்னரே துண்டித்து, பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். காலியான தொட்டியிலும் ஆவி தங்கியிருந்து வெடிக்கக் கூடும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாமாதலால் தேய்ப்பவர் தக்க முகமூடி அணிதல் அவசியம்.

பலர் மறக்கும் ஒரு செயல் உண்டு. பற்றவைக்கும்போது தகட்டின் உட்புறப் பூச்சு எரிந்துபோகிறது. வெளியே எவ்வளவு நேர்த்தியாக வர்ணம் பூசினாலும், அந்த வெற்று இரும்பிலிருந்து துரு மீண்டும் தொடங்கும். எனவே வெளிப்புறத்தில் பிரைமரும் வர்ணமும் பூசி, இணைப்புகளை அடைத்த பின், வடிகால் துளைகளின் வழியே நீண்ட குழாயைச் செலுத்திப் பெட்டியினுள் மெழுகுக் குழம்பைத் தெளிக்க வேண்டும். இம்மெழுகு இடுக்குகளில் ஊர்ந்து சென்று ஈரத்தைத் தடுக்கும். ஆனால், வடிகால் துளைகளை அது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பில் பெரும் மாறுதல் செய்யப்படாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். இத்தகைய வண்டிகளைக் காக்க விழைவோர் மினுக்கும் மேற்பூச்சில் மனநிறைவு கொள்ளலாகாது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் வடிகால் துளைகளைத் துப்புரவு செய்வதற்குச் சிறு கம்பியும் அரைமணி நேரமும் போதும். அதனைப் புறக்கணித்தால் பின்னர் கூட்டையே வெட்டிப் பற்றவைக்க நேரிடும்.