சோபா வாங்கும் முன் மூன்று பெயர்களைப் பாருங்கள்

சோபாவின் தரம் துணிக்கு அடியில் இருக்கிறது. கடையில் நம் கண்ணில் படுவதோ துணி மட்டுமே. ஆகவே அமர்ந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்கிப் பாருங்கள். மற்ற முன்காலும் உடன் எழும்பினால் சட்டம் உறுதியானது. அது தரையிலேயே தங்கிவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். இருக்கை உறையில் ஜிப் இருந்தால் திறந்து ஃபோமைப் பார்க்கலாம். ஃபோமின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பிடுவர். தினமும் பயன்படும் இருக்கைக்கு 32 கிலோவுக்குக் குறையாமல், இயன்றால் 40 கிலோ இருப்பது நல்லது. விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் அடர்த்தி, மர வகை, உத்தரவாதக் காலம் மூன்றையும் பில்லில் எழுதித் தரக் கேளுங்கள்.

வங்கியில் பணியாற்றும் எங்களுக்குப் பெரிய கவலை, பணம் போகும் வழியைப் பற்றியது. சோபா பெரும்பாலும் ஆர்டரின் பேரில் செய்யப்படுவதால், பொருள் வீடு வந்து சேரும் முன்பே முன்பணம் கைமாறிவிடுகிறது. டெல்லியின் கீர்த்தி நகர்ச் சந்தையானாலும் உங்கள் தெருமுனைக் கடையானாலும், முன்பணம் தருமுன் மூன்று பெயர்களை ஒப்பிடுங்கள்: கடைப் பலகையில் உள்ள பெயர், பில்லில் உள்ள பெயர், யுபிஐ ரகசிய எண்ணை இடுமுன் திரையில் தோன்றும் கணக்குதாரர் பெயர். கணக்கு தனிநபர் பெயரில் இருப்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால், கடையின் வணிகப் பெயரோடு உரிமையாளரின் சட்டப்படியான பெயரும் தெரியவரும். அதுவும் பொருந்தாவிடில் பணம் அனுப்பாதீர்கள். ஆண்டு விற்பனை குறைவாக உள்ள சிறு தச்சர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அவர்களிடம் சிறிய முன்பணம் தந்து ரசீது பெற்றுக்கொண்டு, பாக்கியைப் பொருள் வந்தபின் தருவதே முறை.

தவணையில் வாங்குவோர் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற சொல்லில் மயங்க வேண்டாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் 60,000 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். அட்டையின் ஆண்டு வட்டி 15 சதவீதம் எனில், விலையில் சுமார் 4,600 ரூபாய் தள்ளுபடியாகக் கழிக்கப்பட்டு, அதே தொகை வட்டியாக வசூலிக்கப்படுகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது ஏறத்தாழ 830 ரூபாய், தனியாக உங்கள் கணக்கில் ஏறும். செயல்முறைக் கட்டணமும் இருக்கலாம். மொத்தப் பணத்தையும் உடனே செலுத்துபவர் அந்த 4,600 ரூபாயைக் குறைத்துத் தரும்படி கேட்பதில் தவறேதுமில்லை. பலர் கேட்பதில்லை.

பழைய சோபாவை இணைய விளம்பரம் பார்த்து வாங்குவோருக்கு ஆபத்து அதிகம். ‘ராணுவ அதிகாரி, இடமாற்றம், வீட்டுப் பொருள்கள் பாதி விலைக்கு’ என்ற பெயரில் நடைபெறும் மோசடி நாடறிந்தது. சீருடைப் படமும் அடையாள அட்டையும் முதலில் வரும். பிறகு வண்டிக்கூலி, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஓய்வூதியம் பெறும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இப்படி இருமுறை பணம் அனுப்பினார். மூன்றாம் முறை, பணத்தைத் திரும்பப் பெறுவதாக நம்பி, அவர்கள் அனுப்பிய க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டார். பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

பொருளில் குறை இருந்தால், கடையிடம் எழுத்துமூலம் தெரிவித்தபின், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பில்லும், பொருள் வந்திறங்கிய அன்று எடுத்த படங்களும் அப்போது உதவும். பண மோசடி எனில் அதே மணி நேரத்தில் 1930ஐ அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்லுமுன் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. மேற்சொன்ன வாடிக்கையாளர், வீட்டாரிடம் சொல்லக் கூசி, நான்காம் நாளே எங்கள் கிளைக்கு வந்தார். அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.